சினமும் செய்தியும்: பத்திரிகைகளின் நடுநிலைமை பற்றிய ஒரு விசாரணை

'பத்திரிகை நடந்ததை நடந்தவாறே கூறும். காரணங் காண்பது ஆய்வாளர் தொழில்' என்னுங் கூற்று நம்மிடையே பெரிதும் வழங்கி வருகின்றது. பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களிலும் இதனை மறுப்பார் அரியர். செய்தி வேறு, கருத்து வேறு. முன்னது முதற்பக்கத்துக்குரியது, பின்னது ஆசிரியத் தலையங்கத்துக்குரியது என்னும் பாகுபாடும் இதன் வழிப்பட்டதே. இக்கூற்று உண்மையாயின், ஒரே நிகழ்ச்சியைப் பற்றி எழுதும் பத்திரிகைகள் யாவும் ஏறத்தாழ ஒரே செய்தியையே தருதல் வேண்டும். அவை அவ்வாறு தருவதில்லை என்பதையும், அவை வேறுபடும் விதம் தற்செயலானதன்று என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு உரைகல்லாக, வேலைத்தலத்திற் சினம் கட்டுமீறிய சில நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்வோம். தேர்தலையும் போரையும் பற்றி எழுதும்போது பத்திரிகைகள் பக்கஞ்சாரும் என்பதை யாவரும் அறிவர். அங்கு வாசகரும் விழிப்புடனிருப்பர். ஆனால் வேலை செய்யுமிடத்தில் ஒருவர் பொறுமையிழந்து செய்யத்தகாததைச் செய்துவிட்டார் என்ற செய்தியை நாம் பெரும்பாலும் வேடிக்கையாகவே வாசிக்கின்றோம். அதிலே பக்கச்சார்பு இருக்கக்கூடுமென்று ஐயுறுவதில்லை. ஐயுறாத இடத்தில் அது தங்குதடையின்றி இயங்குகின்றது.

நீர்வேலியின் செம்மண்ணில் வாழை செய்வோர், குலையை வெட்டிக் குழியிலிட்டுப் புகையூதிப் பழுக்க வைத்தல் வழக்கம். குழியைத் திறந்து பழத்தின் மஞ்சளைக் கண்ட ஒருவர், 'இஃது இன்று பழுத்தது' என்று கூறுவாராயின் சிறுபிள்ளையும் நகைக்கும். வேலைத்தலச் சினத்தைப் பற்றி எழுதும் பத்திரிகைகளோ குழி திறந்த நாளையே செய்தியாக்குகின்றன. புகையூதிய நாட்கள் சில வேளைகளிற் கணக்கிலெடுக்கப்படுகின்றன. பல வேளைகளிற் கைவிடப்படுகின்றன. எப்போது எடுக்கப்படும், எப்போது கைவிடப்படும் என்பதைச் சினந்தவர் யார் என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கின்றது.

ஆகாயத்தில் இரு நிகழ்ச்சிகள்

2010 ஓகஸ்ட் 9ஆந் திகதி, பிற்ஸ்பேர்க்கிலிருந்து நியூயோர்க் கென்னடி விமான நிலையத்துக்கு வந்திறங்கிய ஜெட்புளூ விமானத்தில், ஸ்டீவன் ஸ்லேற்றர் என்னும் பணியாளர் ஒலிபெருக்கியிற் பயணி ஒருவரைத் திட்டினார். தம் தொழிலுக்கு விடைகூறினார். பியரையும் எடுத்துக்கொண்டு, அவசரகாலச் சறுக்குப்பாதையை விரித்து, அதன் வழியே இறங்கி வீடு சென்றார். பொலிஸார் அவரை வீட்டிற் கைதுசெய்தனர்.

அமெரிக்காவின் மலிவுப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அவரை உடனடியாக வீரராக்கின. உழைத்துச் சலித்தோர் யாவரும் மனதிற் கண்ட கனவைச் செய்துகாட்டியவர் எனப் போற்றப்பட்டார். அடுத்த சில நாட்களில் வேறு செய்தியாளர்கள் பயணிகளை வினவினர். அவர் கூறியவாறு தகராறு நிகழ்ந்ததைத் தாம் காணவில்லையென்றும், அவரே கடுமையாக நடந்துகொண்டாரென்றும் சிலர் கூறவே, வீரர் ஐயத்துக்குரியவரானார். அதே ஆண்டு ஒக்ரோபரில் அவர் நீதிமன்றத்திற் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 10,000 டொலர் இழப்பீட்டுக்கும் ஓராண்டு மனநலச் சிகிச்சைக்கும் உடன்பட்டபோது, கதை நோயாளி ஒருவரின் கதையாக முடிவுற்றது.

வீரராக்கிய பத்திரிகையும், ஐயுற்ற பத்திரிகையும், நோயாளியாக்கிய பத்திரிகையும் தம்முள் முரண்பட்டன போலத் தோன்றும். ஆயினும் மூன்றும் ஓரிடத்தில் ஒன்றுபட்டன. மூன்றும் தனிமனிதர் ஒருவரின் குணத்தைப் பற்றியே எழுதின. 2001க்குப் பின் அமெரிக்க விமானத்துறையில் ஊழியரின் ஊதியம் வெட்டப்பட்டமையும், 2005இல் யுனைற்றெட் கொம்பனி வங்குரோத்து நீதிமன்றத்தின் அனுமதியோடு தன் ஊழியரின் ஓய்வூதியத் திட்டங்களைக் கைவிட்டமையும், 2008 முதற் கொம்பனிகள் பல பொதிகளுக்குத் தனிக்கட்டணம் அறவிட, பயணிகள் பொதிகளையெல்லாம் விமானத்தினுள்ளே திணிக்கத் தலைப்பட்டமையும் பெரும்பாலான செய்திகளில் ஓரத்திற்கூட இடம்பெறவில்லை. இவையே அச்செயலுக்குக் காரணமென்று நாம் சாதிக்க வரவில்லை. காரணமோ அன்றோ என்ற கேள்வியைக் கேட்டிருக்கவேண்டும் என்பதே நம் வாதம்.

இரண்டாவது நிகழ்ச்சியிற் சினந்தவர் ஊழியரல்லர், முதலாளி வீட்டவர். 2014 டிசெம்பர் 5ஆந் திகதி, அதே கென்னடி விமான நிலையத்தில், கொரியன் எயார் கொம்பனியின் உபதலைவரும் அதன் தலைவரின் மகளுமாகிய சோ ஹியுன்-ஆ, தமக்கு மக்கடேமியாக் கொட்டைகள் தட்டில் வைக்கப்படாமற் பொதியோடு தரப்பட்டன என்று சினந்து, பணியாளரை ஏசி, புறப்படவிருந்த விமானத்தைத் திருப்புவித்து, தலைமைப் பணியாளரை இறக்கிவிடச் செய்தார். உலகப் பத்திரிகைகள் பலவும் இதனைக் கொட்டைக்காக எழுந்த கோபமென நகைச்சுவையாக வெளியிட்டன. கொரியாவிலும் முதலில் 'கச்சான் திருப்பம்' என்று பொருள்படும் ஒரு கேலிப்பெயரே வழங்கிற்று. கொம்பனியின் முதலறிக்கையோ, பணியாளரை இறக்கியது மிகையென ஒப்புக்கொண்டாலும், சேவைக்குறையைச் சுட்டுவது நிருவாகியின் கடமையே என்று வாதிட்டது.

ஆயின் அங்கு ஒரு மாற்றம் நிகழ்ந்தது. இறக்கிவிடப்பட்ட பாக் சாங்-ஜின் தொலைக்காட்சியில் தோன்றி, தாம் அவமதிக்கப்பட்டமையையும், பொய்கூறுமாறு கொம்பனியினரால் நெருக்கப்பட்டமையையும் வெளிப்படுத்தினார். அதன்பின் கொரியப் பத்திரிகைகளின் கேள்வி மாறிற்று. கொட்டை மறைந்தது, பெருங்குடும்பங்கள் கொம்பனிகளைத் தம் பரம்பரைச் சொத்தாக ஆளும் முறை விவாதத்துக்கு வந்தது. 2015 பெப்ரவரியில் அவருக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மே மாதத்தில் மேன்முறையீட்டில் அது பத்து மாத ஒத்திவைக்கப்பட்ட தண்டனையாயிற்று. 2018இல் அக்கொம்பனியின் ஊழியர் முகமூடியணிந்து சியோல் நகரில் ஆர்ப்பாட்டஞ் செய்தனர். 2019 மார்ச்சில் தலைவரே பணிப்பாளர் சபையில் தம் ஆசனத்தை இழந்தார்.

ஒரே நிகழ்ச்சி வெளிநாட்டில் வேடிக்கையாகவும் உள்நாட்டிற் சமூக விசாரணையாகவும் அமைந்தது எவ்வாறு? முந்திய நாளைப் பற்றி வினவப்படவேண்டிய மனிதரை ஒரு சாரார் வினவினர், மறுசாரார் வினவவில்லை. பத்திரிகைத் தொழில் நினைத்தாற் புகையூதிய நாட்களையுந் தேடிக் காணமுடியும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

நரசாபுரமும் 437 கோடியும்

இனி நமக்கு அண்மையிலுள்ள நிகழ்ச்சிக்கு வருவோம். கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டத்து நரசாபுரத்தில், தாய்வான் நாட்டு விஸ்ட்ரோன் கொம்பனி அப்பிள் நிறுவனத்துக்காக ஐபோன்களைப் பொருத்தும் தொழிற்சாலை ஒன்றை நடத்திற்று. 2020 டிசெம்பர் 12, சனிக்கிழமை காலை, இரவுமுறை வேலை முடியும் வேளையில், அங்கு தொழிலாளர் பெருந்தொகையானோர் கொதித்தெழுந்து கண்ணாடிகளையும் தளபாடங்களையும் இயந்திரங்களையும் உடைத்தனர், வாகனங்களைக் கவிழ்த்தனர். அக்காட்சிகள் கைத்தொலைபேசிகளிற் பதிவாகி அன்றே உலகெங்கும் பரவின. நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் கைதாயினர்.

பத்திரிகைகளை இங்கு மூன்று வகையாகப் பிரித்து நோக்கலாம். முதல் வகையின சேதத்தை எழுதின. கொம்பனி பொலிஸிற் செய்த முறைப்பாட்டில் இழப்பு 437 கோடி இந்திய ரூபா என்றும், ஆயிரக்கணக்கான தொலைபேசிகள் களவாடப்பட்டன என்றும் கூறப்பட்டிருந்தது. அத்தொகையே தலைப்பாயிற்று. இரண்டாம் வகையின வணிகப் பத்திரிகைகள். அந்நிய முதலீட்டாளர் மனதில் இந்தியாவைப் பற்றி என்ன எண்ணந் தோன்றும், சீனாவிலிருந்து வரவேண்டிய தொழிற்சாலைகள் வாராது போய்விடுமோ என்பதே அவற்றின் கவலை. மூன்றாம் வகையினவே தொழிலாளரை அணுகி, நேற்றுவரை நடந்தது யாது என்று கேட்டன. பொறியியற் பட்டதாரிகளுக்கு மாதம் 21,000 ரூபா தருவதாகச் சொல்லி வேலைக்கெடுத்து, அது 16,000 ஆகி, பின்னர் 12,000 ஆகக் குறைந்தது என்ற முறைப்பாட்டை அவை வெளியிட்டன.

ஒரு வாரத்துள் நிகழ்ந்தவை மனங்கொள்ளத்தக்கவை. தாய்வான் பங்குச்சந்தைக்குக் கொம்பனி தானே அளித்த அறிக்கையில், இழப்பு பத்து முதல் இருபது கோடி தாய்வான் டொலர் எனக் கணித்தது. இந்திய நாணயத்தில் அது ஏறத்தாழ 26 முதல் 52 கோடி ரூபா. அதாவது முதற்றொகை பின்னைய கணிப்பின் உயர்ந்த எல்லையையும் எட்டு மடங்குக்கு மேல் விஞ்சியது. மாநிலத் தொழிற்சாலைத் திணைக்களத்தார் நடத்திய விசாரணையிற் குறுகிய காலத்துள் தொழிலாளர் தொகை ஏறத்தாழ இருமடங்காகப் பெருக்கப்பட்டமையும், எட்டு மணிநேர வேலைமுறை பன்னிரண்டு மணியாக்கப்பட்டமையும், வரவுப்பதிவு முறை பழுதுற்றிருந்தமையும், ஊதியக் கணக்குகள் சீரற்றிருந்தமையும் வெளிப்பட்டன. தொழிலாளருட் பெரும்பாலோர் ஒப்பந்தக்காரர் மூலம் எடுக்கப்பட்டவர்கள். டிசெம்பர் 19ஆந் திகதி, சில தொழிலாளருக்கு ஊதியம் சரியாகவோ உரிய காலத்திலோ வழங்கப்படவில்லை என்று விஸ்ட்ரோன் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. இந்தியப் பொறுப்பிலிருந்த உபதலைவரையும் நீக்கியது. குறைகள் திருத்தப்படும்வரை புதிய வேலைகள் தரமாட்டோமென அப்பிள் நிறுவனம் அறிவித்தது.

இவ்வாறு, மூன்றாம் வகைப் பத்திரிகைகள் முதல் நாளிலேயே கேட்ட கேள்விக்கு ஏழாம் நாளிற் கொம்பனியே விடைகூறிற்று. முதல் வகைப் பத்திரிகைகள் 'நடந்ததை நடந்தவாறே' கூறினவா? உடைந்த கண்ணாடி நடந்த நிகழ்ச்சி எனின், குறைந்த ஊதியமும் நடந்த நிகழ்ச்சியன்றோ? 437 கோடியைத் தடித்த எழுத்திற் பொறித்தவை, அதே அளவு எழுத்தில் அதன் திருத்தத்தையும் பொறித்தனவா என்பதை வாசகர் தாமே பழைய தாள்களைப் புரட்டிக் கண்டுகொள்ளலாம்.

இலக்கணம் காட்டிக்கொடுக்கும் உண்மை

தமிழ் கற்போர் இவ்விடத்து வாக்கிய அமைப்பையுஞ் சற்றே நோக்குதல் தகும். 'தொழிலாளர் அடித்து நொறுக்கினர்' என்பது செய்வினை. எழுவாய் வெளிப்பட்டு நிற்கின்றது. 'ஊதியம் குறைக்கப்பட்டது' என்பது செயப்பாட்டுவினை. குறைத்தவர் யாரென்று கூறாமலே வாக்கியம் நிறைவெய்துகின்றது. 'ஊதியம் தாமதமாயிற்று' என்று எழுதும்போதோ, ஊதியமே எழுவாயாகி, யாழ்தேவி புகையிரதம் போலத் தானே தாமதிக்கின்றது! உடைத்தவர்க்கு எழுவாய் உண்டு. குறைத்தவர்க்கு எழுவாய் இல்லை. இவ்விரு வாக்கியங்களும் ஒரே பந்தியில் அருகருகே நிற்கையில், வாசகர் மனதிற் குற்றவாளி யாரென்பது தீர்ப்புக்கு முன்னரே முடிவாகிவிடுகின்றது. செய்தியாளர் பொய் எதுவுங் கூறவில்லை. வினையை மாற்றினார், அவ்வளவே.

பெயர்ச்சொற்களும் இவ்வாறே. தனியொருவர் சினந்தால் அவருக்குப் பெயரும், ஊரும், வயதும், தாய்தந்தையரின் நோயும் வரலாறும் உண்டு. முதலாளி சினந்தால் அவருக்குக் 'குணம்' உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர் சினந்தால் அவர்க்கு வாய்ப்பது 'கும்பல்' என்ற ஒரு சொல்லே. கும்பலுக்கு முந்திய நாள் கிடையாது.

இஃதெல்லாம் பத்திரிகையாசிரியர் கூடிச் செய்யுஞ் சதியென்று நாம் கருதவில்லை. சதியாயின் வெளிப்படுத்துதல் எளிது. உண்மை அதனினும் சாதாரணமானது. கொம்பனிக்குப் பேச்சாளர் உண்டு. ஒரு மணி நேரத்துள் அவர் எழுத்தில் அறிக்கை தருவார். பொலிஸ் முறைப்பாட்டுக்கு இலக்கமும் முத்திரையும் உண்டு. அதை மேற்கோள் காட்டுதல் செய்தியாளருக்குப் பாதுகாப்பானது. ஒப்பந்தத் தொழிலாளியிடமோ வங்கிக்கு வந்துசேர்ந்த தொகையும், வந்துசேரவேண்டிய தொகையைப் பற்றிய வாய்ச்சொல்லுமே உள. பெயரைச் சொன்னால் வேலை போகும். எனவே முத்திரையுள்ள இழப்பு செய்தியாகின்றது. முத்திரையில்லாத இழப்பு 'குற்றச்சாட்டு' ஆகின்றது. இவற்றோடு விளம்பரம் தருபவர் யார், பத்திரிகையின் உடைமையாளர் யார் என்ற கேள்விகளையுஞ் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். 1973இல் லேக்ஹவுஸ் நிறுவனம் அரசின் கட்டுப்பாட்டுள் வந்ததை அறிந்த இந்நாட்டு வாசகருக்கு, உடைமையும் செய்தியும் தொடர்புடையன என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இரு மறுப்புகள்

'அவ்வாறாயின் வன்முறையை நியாயப்படுத்துகின்றீரோ?' என்று வினவுவார் உளர். இல்லை. இயந்திரத்தை உடைத்தல் தவறே. உடைத்தவர் சட்டத்துக்கு விடைகூறக் கடமைப்பட்டவரே. ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ளுதலும் அதனை நியாயப்படுத்துதலும் வேறு வேறு. மருத்துவர் காய்ச்சலுக்குக் காரணந் தேடுவதனாற் காய்ச்சலை ஆதரிப்பவர் ஆவதில்லை. தவிரவும், ஊதியத்தைக் குறைத்தலும் சட்டமீறலே. ஒரு சட்டமீறலை முதற்பக்கத்திலும் மற்றையதை ஆறாம் பக்கத்திலும் அச்சிடுபவர், நியாயப்படுத்தும் தொழிலைத் தாமே செய்துகொண்டிருக்கின்றார்.

'முதல் நாளில் எல்லாவற்றையும் அறிதல் இயலாது. நேரம் போதாது' என்பது மற்றைய மறுப்பு. இதில் ஓரளவு உண்மையுண்டு. அவ்வாறாயின் அறியாததை அறியவில்லை என்று எழுதலாம். 437 கோடியென்று எழுத நேரமிருந்தவர்க்கு, 'இது கொம்பனியின் கணக்கு. தொழிலாளர் தரப்பு இன்னும் கேட்கப்படவில்லை' என்று ஒரு வரி கூட்டியெழுத எவ்வளவு நேரம் வேண்டும்?

நம் நிலை

இவையெல்லாம் தூரதேசத்து விடயங்கள் என்று கருதுவோர்க்குக் கட்டுநாயக்கவை நினைவூட்டுதல் வேண்டும். 2011 மே 30ஆந் திகதி, தனியார்துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்துச் சுதந்திர வர்த்தக வலயத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர், பொலிஸார் சுட்டனர், காயமுற்ற இளந்தொழிலாளி ரொஷேன் சானக்க ஜூன் முதலாந் திகதி உயிர்நீத்தார். சட்டமூலம் கைவிடப்பட்டது. அந்நிகழ்ச்சியைக் 'கலகம்' என்ற சொல்லின் வழியே வாசித்தவரும், 'ஓய்வூதியம்' என்ற சொல்லின் வழியே வாசித்தவரும் இரு வேறு நாடுகளில் வாழ்ந்தோர் போல்வர்.

யாழ்ப்பாணத்து வாசகருக்கு இவ்விடயத்தில் ஒரு தனிப்பொறுப்பு உண்டு. 1981 மே மாத இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் நம் பொது நூலகமும் 'ஈழநாடு' பத்திரிகைக் காரியாலயமும் தீக்கிரையாக்கப்பட்டபோது, தென்னிலங்கையின் பெரும் பத்திரிகைகள் அதனை உரியவாறு வெளியிடவில்லை என்பதை இன்றும் நாம் மறக்கவில்லை. மறக்கவும் வேண்டியதில்லை. நீர்வேலியைப் பொறுத்தவரையும் இதனைச் சொல்லலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சங்கரபண்டிதரைத் தந்த ஊர் அது. வாழையாலும் கல்வியாலும் அறியப்பட்ட ஊர். ஆயினும் 1981 மார்ச் 25ஆந் திகதி மக்கள் வங்கியின் பணம் அவ்வூரில் வழிமறித்துக் கொள்ளையிடப்பட்டு, பொலிஸார் இருவர் உயிரிழந்த பின்னர், தொலைவிலிருந்து பத்திரிகை வாசித்தோர் பலருக்கு அவ்வூரின் பெயர் ஒரு குற்றத்தின் பெயராகவே அறிமுகமாயிற்று. ஒரு காலைப்பொழுது ஓரூரின் முழு வரலாற்றையும் விழுங்கியது. முந்திய நாளற்ற செய்தி எத்தகையது என்பதை நாம் நூலில் மட்டும் படித்தவரல்லேம்.

அவ்வாறிருந்தும், பிறர் சினத்தைப் பற்றிய செய்தியை நாம் வாசிக்கும் முறை யாது? நரசாபுரத்துக் கண்ணாடிகள் நொறுங்குங் காட்சியைக் கைத்தொலைபேசியிற் கண்டு, வியந்து, நண்பர்க்கும் அனுப்பிவிட்டு, அடுத்த காட்சிக்குச் செல்கின்றோம். வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் தருவதை அவ்வாறே தமிழாக்கி வெளியிடும் வழக்கம் நம் பத்திரிகைகளிற் பரந்து காணப்படுகின்றது. மொழிபெயர்ப்பவர் 'கும்பல்' என்ற சொல்லை இடும்போது, அச்சொல் தம்மைப் பற்றியும் ஒருகாலத்தில் எழுதப்பட்டதென்பதை எண்ணுவதில்லை. நமக்கிழைக்கப்பட்ட அநீதியை நினைவிற் கொள்பவர், அதே அநீதியைப் பிறர்க்கிழைக்கும் வாக்கியங்களைத் தமிழில் எழுதாதிருத்தல் வேண்டும்.

பல்கலைக்கழகத்துக்கும் பத்திரிகைக்குமிடையே இந்நாட்டில் உறவு புதியதன்று. யாழ்ப்பாண வளாகத்தின் முதற்றலைவராக 1974இற் பொறுப்பேற்ற பேராசிரியர் கைலாசபதி, அதற்கு முன்னர் 'தினகரன்' ஆசிரியராக இருந்தவர். இன்று நம் மாணவருட் சிலர் நாளை செய்தியாளராவர். சிலர் தொழில் அலுவலர் ஆவர். சிலர் கொம்பனிகளில் ஊதியப்பட்டியல் தயாரிப்பர். பலர் ஒப்பந்த அடிப்படையில் அப்பட்டியலில் இடம்பெறுவர். ஆதலின் இஃது ஏட்டுப்படிப்புக்குரிய விடயமன்று.

நாம் முன்வைக்கும் யோசனை எளியது. தமிழ்ச் சங்கத்தின் வாசிப்பறையிலும், நீர்வேலி முதலிய ஊர்களின் வாசிகசாலைகளிலும் ஒரு பலகை வைக்கப்படல் வேண்டும். இத்தகைய செய்தி ஒன்று வரும்போது, அதே நாளின் நான்கு பத்திரிகைகளை அருகருகே ஒட்டி, அடியில் ஐந்து கேள்விகளுக்கு விடையெழுதுதல் வேண்டும். வாக்கியத்தின் எழுவாய் யார்? முதலில் வரும் எண் யாருடைய இழப்பு? அவ்வெண்ணைக் கூறியவர் யார்? பெயரோடு பேசியவர் யார், பெயரின்றிப் பேசியவர் யார்? முந்திய மாதத்தைப் பற்றி எத்தனை வரிகள் உள? ஒரு மாதங் கழித்துப் பிந்திய செய்தியையும் அதன் பக்கத்தில் ஒட்டுதல் வேண்டும். ஒரு வருடம் இவ்வாறு செய்து, பெற்ற விடைகளைத் தொகுத்து அடுத்த இதழில் வெளியிட்டால், நடுநிலைமை என்னும் அச்சொல்லை எந்தப் பத்திரிகை எவ்வளவுக்கு உரிமை கோரலாம் என்பதை நாம் ஊகத்தால் அன்றிச் சான்றோடு பேசலாம்.